பழைய கணக்கும் வரும் ஆண்டும்

கிழக்கிலங்கையிற் கல்முனைக்குத் தெற்கே, நெல்வயலும் கடலும் அடுத்தடுத்து அமைந்த கரையில், ஒலுவில் என்னும் ஊர் உளது. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் அப்பகுதிக்குத் துறைமுகம் ஒன்று வேண்டும் என்பது அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெருவிருப்பாயிருந்தது. அவர் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். டென்மார்க்கு நாட்டின் கடனுதவியுடன் 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்தெம்பர் 1 ஆம் நாள் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. வணிகக் கப்பல்கள் எதிர்பார்த்தவாறு வரவில்லை. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. அயற்கரையைக் கடல் அரித்தது. கடற்றொழிலாளரும் கரையோர நிலமுடையாரும் இழப்பெய்தினர்.

ஒரு கணிப்புப் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதனைக் கணித்தவர் அல்லர். அதனை நம்பியவரும், அதன் அருகே வாழ்பவருமே ஆவர். ஆகையால், கணிப்பொன்றை நம்புமுன் எவ்வாறு சோதிப்பது என்பது அறிஞர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அவ்வினா மிகத் தெளிவாக எழும் துறை வணிகமாகும். "இவ்விதிப்படி கடந்த இருபதாண்டும் வாங்கி விற்றிருந்தால் இத்துணை இலாபம் கிடைத்திருக்கும்" என்று பழைய விலைப் பதிவுகளைக் கொண்டு காட்டுவதைப் பின்னோக்குச் சோதனை என்பர். அவ்வாறு காட்டப்படும் இலாபம் மெய்யானதா, தற்செயலா என்று பிரித்தறியும் முறையின் வரலாறு நியூயோர்க்கின் பங்குச் சந்தையில் மட்டும் நிகழ்ந்ததன்று. அதன் முக்கியமான பகுதியொன்று, சென்னை மாகாணத்தின் பஞ்சத்தோடு தொடங்குகின்றது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவிற் கொண்டுள்ளனர். அரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அதில் மாண்டனர். இத்துயரை முன்னறிய இயலாதா என்ற ஏக்கம் அக்காலத்து அறிஞர் பலரை ஆட்கொண்டது. இந்திய அரசாங்கத்தின் புள்ளிவிபரத் தலைவராயிருந்த வில்லியம் வில்சன் ஹண்டர், சென்னையில் 1813 முதல் பதியப்பட்ட மழையளவை ஆராய்ந்து, ஞாயிற்றின் மேற்பரப்பிலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதோடு மழையும் கூடிக் குறைகின்றது என 1877 இல் எழுதினார். வானியலறிஞர் நோர்மன் லொக்கியரும் அவருடன் சேர்ந்து அக்கருத்தை இங்கிலாந்து மக்களுக்கு எடுத்துரைத்தார்.

அதே காலத்தில் வில்லியம் ஸ்ரான்லி ஜெவோன்ஸ் என்னும் பொருளியலறிஞர் அக்கருத்தை வணிகத்திற்கு நீட்டினார். கரும்புள்ளி மாறினால் இந்தியாவின் விளைச்சல் மாறும். விளைச்சல் குன்றி உணவின் விலை ஏறினால் இந்தியக் குடியானவன் லங்காஷயரின் துணியை வாங்கமாட்டான். அதனால் இங்கிலாந்தின் வணிகம் நெருக்கடியுறும் என்பது அவர் காட்டிய காரணத் தொடர். 1847, 1857, 1866, 1878 என நெருக்கடிகள் ஏறக்குறையப் பத்தரை ஆண்டு இடைவெளியில் நேர்ந்தமை அவரைக் கவர்ந்தது.

இவ்விடத்தில் ஜெவோன்ஸின் நேர்மையும் அவருடைய பிழையும் ஒருங்கே நோக்கற்பாலன. 1875 இல், இடைக்கால இங்கிலாந்தின் தானிய விலைகளிற் பதினோராண்டுச் சுழற்சி உண்டு என்று அவர் ஒரு கட்டுரை படித்தார். பின்னர், அதே விலைகளில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதின்மூன்று ஆண்டுச் சுழற்சிகளையும் அதேயளவு நன்றாகக் காட்டலாம் என்று கண்டு, அக்கட்டுரையை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். தேடுபவன் எதனைத் தேடினும் அதனைப் பழைய பதிவு கொடுத்துவிடும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அக்காலத்தில் அரிது. ஆயினும் அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை. கரும்புள்ளிச் சுழற்சி 11.1 ஆண்டு என்று கொள்ளப்பட்டிருந்தது. நெருக்கடிகளோ அதற்கு இணங்கவில்லை. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் முன்னாள் தலைவரான ஜோன் அலன் புரோன் அச்சுழற்சியை 10.45 ஆண்டு எனக் கணித்தபோது, ஜெவோன்ஸ் அவ்வெண்ணை மகிழ்ந்து ஏற்றார். 18 ஆம் நூற்றாண்டில் நெருக்கடி தெளிவாகத் தோன்றாத இடங்களிலும் ஒன்று இருந்திருத்தல் வேண்டும் எனத் தேடி இடைவெளியை நிரப்பினார். துணிக்கேற்ப அளவுகோலையும் அளவுகோலுக்கேற்பத் துணியையும் மாற்றிய செயல் இது. 1882 இல் நீரில் மூழ்கி இறக்கும்வரை இக்கருத்து அவரை விட்டகலவில்லை.

இவ்வகைத் தேடலுக்கு ஒரு வரம்பு கட்டியவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த கில்பேட் வாக்கர் ஆவர். கேம்பிரிட்ஜிற் கணிதத்தில் முதன்மை பெற்ற அவர், 1913 இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது அங்கே எழுத்தராயிருந்த ஸ்ரீநிவாச இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைக் கண்டு, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பருவமழையை முன்னறிவதற்காக உலகின் பல பாகங்களிலும் பதியப்பட்ட காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றிற்கும் இந்திய மழைக்கும் இடையேயுள்ள தொடர்பை அவர் எண்ணால் அளந்தார். கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு, கணிப்புக்கு உதவாத அளவிற் சிறிது என்று கண்டார்.

அதனினும் பெரிய பணி, 1914 இல் அவர் எழுதிய ஆய்வுரையாகும். ஒரு தொடர்பை மட்டும் அளந்து அது பெரிதென்று காண்பது வேறு. நூறு தொடர்புகளை அளந்து அவற்றுட் பெரியதைத் தேர்ந்தெடுப்பது வேறு. பின்னதற்கு முன்னதன் அளவுகோல் பொருந்தாது. தேர்ந்தெடுத்ததன் பெருமையை மதிப்பிடுமுன், எத்தனையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேட்டல் வேண்டும் என்பதே அவருரையின் சாரம்.

இதனை ஒலுவிலை அடுத்த வயற்புறத்து உதாரணம் ஒன்றால் விளக்கலாம். நெல் வணிகர் ஒருவர் இருபதாண்டு விலைக் குறிப்பேடு வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். பெரும்போக அறுவடையில் நெல் மலிந்திருக்கும்போது வாங்கிச் சில திங்கள் வைத்து விற்பது ஒரு விதி. அதற்குக் காரணம் உண்டு. அவர் அத்துடன் அமையாது, வாங்கும் கிழமை, முதன்மழை பெய்த நாள், பிறை தோன்றிய நாள் என்று நூறு விதிகளை ஆக்கி, ஒவ்வொன்றையும் குறிப்பேட்டோடு ஒப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று இருபதாண்டிற் பதினைந்தாண்டு இலாபம் காட்டுகின்றது. இலாபமும் நட்டமும் நாணயத்தின் தலையும் பூவும் போலச் சமவாய்ப்புடையன என்று கொண்டால், பயனற்ற விதியொன்று இருபதிற் பதினைந்தோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டேயாகும். ஆகவே அவ்விதி மெய்யென்று வணிகர் துணிவார். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பற்ற பயனில்லா விதிகள் நூற்றைச் சோதித்தால், அவற்றுள் ஒன்றாவது அவ்வாறு வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 88 ஆகும். வெல்லாதிருந்தாலே வியப்பு. குறிப்பேடு பொய் சொல்லவில்லை, கணக்கும் பிழையன்று. தொண்ணூற்றொன்பது தோல்விகளைச் சொல்லாது விட்டதே பிழையாகும்.

வாக்கர் தேர்ந்த தொடர்புகளும் காலத்தின் சோதனைக்குத் தப்பவில்லை. அவருக்குப் பின் அத்துறையின் தலைவராயிருந்த சார்ல்ஸ் நோர்மண்ட், 1953 இல் அதுவரை வெளிவந்த கணிப்புகளை மழையோடு ஒப்பிட்டு, அவை எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை என்று ஒளியாது எழுதினார். 1988 முதல் இந்திய வானிலைத் துறை 16 காரணிகளைக் கொண்ட கணிப்பு முறையைக் கையாண்டது. பழைய ஆண்டுகளோடு அது அழகாகப் பொருந்தியது. பல நல்லாண்டுகளையும் நல்லாண்டுகள் என்றே கூறியது. 2002 இல் மழை சராசரியில் நூற்றுக்கு 101 பங்கு பெய்யும் என்றது; பெய்ததோ 81 பங்கே. கடும் வறட்சி வந்தது. மறு ஆண்டே அம்முறை மாற்றப்பட்டது. பல காரணிகளைச் சேர்க்குந்தோறும் கடந்த காலத்தோடு பொருத்தம் கூடும். வருங்காலத்தோடு கூடும் என்ற உறுதி இல்லை.

வணிகத்தில் இச்சோதனையைத் தொடங்கியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான அல்பிரெட் கோல்ஸ். 1929 இற் பங்குச் சந்தை வீழ்ந்தமையை அதற்குக் கூலி பெற்ற ஆலோசகர்கள் முன்னறிவிக்காமை அவரைச் சிந்திக்கச் செய்தது. ஆலோசனை நிறுவனங்கள் 16 கூறிய ஏறக்குறைய 7,500 பரிந்துரைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றின் வழி நடந்தவர், சராசரிச் சந்தையை விட ஆண்டுக்கு நூற்றுக்கு 1.43 வீதம் குறைவாகவே பெற்றிருப்பர் என்று 1933 இல் வெளியிட்டார். சிலர் நன்றாகக் கூறினாரே என்பார்க்கும் அவர் விடை வைத்திருந்தார். சீட்டுகளைக் குலுக்கி எடுத்துக் கற்பனை ஆலோசகர் பலரை ஆக்கினார். அச்சீட்டு ஆலோசகருட் சிறந்தவர், மெய்யான ஆலோசகருட் சிறந்தவருக்குச் சற்றும் பின்தங்கவில்லை! வாக்கர் கணிதத்தாற் கூறியதைக் கோல்ஸ் சீட்டினாற் காட்டினார் எனலாம்.

கணிப்பொறி வந்தபின் இவ்விடர் பன்மடங்காயிற்று. முன்னர் ஒருவர் ஆண்டு முழுதும் முயன்று சில விதிகளைச் சோதிப்பர். இன்று ஒரு பொழுதில் இலட்சம் விதிகளைச் சோதிக்கலாம். இதன் பேதைமையைக் காட்ட விரும்பிய டேவிட் லைன்வெபர் என்பார், வங்காளதேசத்தின் வெண்ணெய் உற்பத்தியைக் கொண்டே அமெரிக்கப் பங்கு விலை மாற்றத்தில் நூற்றுக்கு 75 பங்கை விளக்கிக் காட்டினார். பாற்கட்டி உற்பத்தியும் ஆட்டுத் தொகையும் சேர்ந்தபோது அது 99 ஆயிற்று. ஆட்டை எண்ணிப் பங்கு வாங்குவார் எவருமிலர். ஆனால் அதே முறையாற் பெற்ற விதி, கேட்பதற்கு இனிய பெயரோடு வந்தால் நம்புவார் பலர்.

1999 இற் சலிவன், டிம்மர்மன், ஹால்பேட் வைற் ஆகியோர் 7,846 வணிக விதிகளை நூறாண்டு அமெரிக்க விலைகளோடு ஒப்பிட்டனர். அவற்றுட் சிறந்த விதி, ஆராய்ச்சியிற் சேர்க்காது ஒதுக்கி வைத்த பிற்பத்தாண்டிற் சிறப்புறவில்லை. எத்தனை விதிகள் சோதிக்கப்பட்டன என்பதைக் கணக்கிற் கொண்டு சிறந்ததை மதிப்பிடும் வைற்றின் முறை 2000 இல் வெளிவந்தது. 2014 இற் பெய்லி, போர்வைன், லோப்பெஸ் டி பிராடோ, சூ என்போர் மற்றோர் எல்லையைக் காட்டினர். ஏற்ற இறக்கத்தின் அளவுக்குச் சமமான ஆண்டு இலாபம் தரும் விதி நல்ல விதியென மதிக்கப்படும். ஐந்தாண்டுப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு 45 விதிகளுக்கு மேற் சோதித்தால், எவ்வித ஆற்றலுமற்ற விதியொன்றும் அப்பதிவில் அத்தகைய இலாபத்தைக் காட்டிவிடும் என்பது அவர்தம் முடிபு. மேலும், பதிவைப் பல கூறாக்கி, ஒரு பாதியில் முதலிடம் பெற்ற விதி மறு பாதியில் நடுவிடத்துக்குக் கீழே எத்தனை முறை வீழ்கின்றது என்று எண்ணும் முறையையும் அவர்கள் வகுத்தனர். அடிக்கடி வீழ்ந்தால் அவ்விதி பழைமைக்கு மட்டும் தைத்த சட்டையாகும்.

ஒரே விதியைச் சோதித்தபோதும் எண்ணிக்கை சிறிதாயின் எச்சரிக்கை வேண்டும். பதினாறாண்டில் சராசரி இலாபம் நூற்றுக்கு 5. ஆண்டுக்காண்டு அதன் ஏற்ற இறக்கம் 20 என்க. 20 ஐப் பதினாறின் வர்க்கமூலமாகிய 4 ஆற் பிரிக்க 5 வரும். அச்சராசரியிலேயே ஐந்தளவு வழு நேரலாம் என்பது இதன் பொருள். கண்ட இலாபமும் ஐந்து, நேரக்கூடிய வழுவும் ஐந்து எனின், அவ்விலாபம் தற்செயல் அன்று என எங்ஙனம் துணிவது?

இவ்வரலாறு கற்பிப்பன நான்கு. விதியைச் சொல்பவர், சோதித்து விட்டொழித்த விதிகளின் தொகையையும் சொல்லல் வேண்டும். விதியை ஆக்கிய ஆண்டுகளைக் கொண்டே அதனை மெய்ப்பிக்கலாகாது. தொடாத ஆண்டுகள் சில ஒதுக்கப்படல் வேண்டும். எண் பொருந்தினாலும் காரணம் உண்டா என வினவல் வேண்டும்; ஜெவோன்ஸ் கூறியதுபோல் அழகிய காரணம் கிடைத்தாலும் அதுவே சான்றாகி விடாது. இறுதியாக, வாங்கி விற்குஞ் செலவையும் கழித்தே இலாபத்தைக் கணக்கிடல் வேண்டும். இந்நான்கிற்கும் விடை பகர மறுப்பவரின் அட்டவணை எத்துணை நேர்த்தியாயினும், அதில் ஒருவர் தம் சேமிப்பை வைப்பது தகாது.

ஜெவோன்ஸ் ஒருமுறை தம் கட்டுரையை மீட்டுக்கொண்டார். நோர்மண்ட் தம் துறையின் குறையைத் தாமே அச்சிட்டார். அறிவுத் துறையில் இவை தோல்விகளாகா. கணிப்பு ஏட்டில் இருக்கும்போது அதனை மீட்பதற்குத் தாளும் மையுமே செலவு. பஞ்சக் களஞ்சியமாயும், குடும்பத்தின் முதலாயும், கடலினுள் இட்ட கல்லாயும் அது மாறிய பின்னர் மீட்டல் எளிதன்று. ஒலுவிற் கரையில் நிற்பவர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.