சூரிய மின் நிலையத்துக்கு நிலம் குத்தகை: கையெழுத்து போடும் முன் கவனிக்க வேண்டியவை

உப்பு ஏறித் தரிசாகக் கிடக்கும் கடைமடை நிலத்தைச் சூரிய மின் நிலையத்துக்குக் கேட்டு ஆட்கள் வரலாம். சம்பா பொய்த்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். மின் நிலையக் குத்தகையோ பொதுவாக 25 ஆண்டு. எனவே கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்துள்ளது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். அது வானம் பார்த்த பூமி. வாய்க்காலும் வடிகாலும் ஓடும் காரைக்காலில் அவ்வளவு பெரிய நிலையம் பொருந்தாது.

நமக்கு ஏற்றது சிறிய நிலையம். மத்திய அரசு 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களுக்கானது. துணை மின் நிலையத்திலிருந்து 5 கி.மீ.க்குள் உள்ள தரிசு நிலத்துக்கு முன்னுரிமை. சாகுபடி நிலம் என்றால், கீழே பயிர் செய்யும்படி உயரமான தாங்கிகள் மேல் பலகைகளைப் பொருத்த வேண்டும். விவசாயிகள் தனியாகவோ குழுவாகவோ அமைக்கலாம். முதல் இல்லாதவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். நடப்பு விதிமுறைகளை மின்துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குத்தகைத் தொகை

உதாரணமாக, ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், உயர்த்தப்படாத அதே தொகை 25ஆம் ஆண்டில் இன்றைய ரூ.3,000 அளவுக்குத்தான் பெறும். குத்தகையும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால் கடைசி ஆண்டில் சுமார் ரூ.32,000 கிடைக்கும். ஆகவே முதல் ஆண்டுத் தொகையைவிட ஆண்டு உயர்வு முக்கியம்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

1. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.
2. நிலத்தை நிறுவனம் அடமானம் வைக்கக் கூடாது.
3. பணி தொடங்காவிட்டாலோ, குத்தகைப் பணம் நின்றாலோ, எத்தனை மாதத்தில் நிலம் திரும்ப வரும் என்று எழுதியிருக்க வேண்டும்.
4. முடிவில் கான்கிரீட் அடித்தளம் வரை அகற்றி, நிலத்தைச் சமன் செய்து தர வேண்டும்.
5. வடிகாலை அடைக்கக் கூடாது. உங்கள் நிலத்தை மேடாக்கினால் பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும்.

கடலோரத்தில் கூடுதல் கவனம்

உப்புக் காற்று இரும்பை அரிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள தாங்கிகள் அவசியம். 2018 கஜா புயலை நாம் மறக்கவில்லை. தாங்கிகள் புயல் காற்றைத் தாங்க வேண்டும். இன்வெர்ட்டர் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். நீங்களே அமைத்தால், இடையில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

விளையும் நஞ்சையைக் கொடுத்துவிடாதீர்கள். மண் பரிசோதனை செய்து பாருங்கள். உவரைத் தாங்கும் நெல் ரகங்களால் மீட்கக்கூடிய நிலமாகவும் அது இருக்கலாம். 25 ஆண்டு கழித்து அந்த நிலம் உங்கள் பிள்ளைகள் கைக்கு வரப்போவது. அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.