கடோற்கசன் வந்த இரவு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாயாற்றில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. கோயில் பொங்கல் முடிந்த மறுநாள் முல்லைத்தீவிலிருந்து ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து உழவு மெசினில் ஏற்றி வருவார்கள். சம்மாட்டிமார் காசு போடுவார்கள். வாடிகளுக்கு முன்னால் மணலில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்ப்போம்.

புதுப்படம் எத்தனை வந்தாலும் பெரியவர்கள் கேட்பது ‘மாயா பஜார்’. 1957இல் விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். வியாச பாரதத்தில் இல்லாத கதை. நாட்டார் வாய்மொழியில் வளர்ந்தது. சூதில் பாண்டவர் எல்லாவற்றையும் இழந்ததும், அபிமன்யுவுக்குப் பேசியிருந்த வத்சலாவைத் துரியோதனன் மகனுக்குக் கொடுக்க பலராமர் சம்மதிக்கிறார். அதைக் குழப்ப வருகிறவன் கடோற்கசன்.

எங்களுக்கு இருட்டென்றால் பயம். களப்புக் கரையில் மினுங்கினால் கொள்ளிவாய்ப் பேய், புளியமரத்தில் முனி. அந்த இருட்டுக்குள் குந்தியிருந்துதான் கடோற்கசனாக வந்த ரங்காராவைப் பார்த்தோம். கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிறான், ஆள் பெருக்கிறான், லட்டுகள் தாமாக எழும்பி அவன் வாய்க்குள் போகின்றன. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைவண்ணம் அது என்று பிறகுதான் அறிந்தேன். அன்று தம்பி அழவில்லை, வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

“பயப்பிடாத, அவன் எங்கட ஆள்” என்றா அம்மம்மா.

வத்சலாவின் உருவத்தில் கடோற்கசனே மணவறைக்கு வரும் இடம் இன்னும் மேல். சாவித்திரியின் முகம், அதற்குள் ராட்சதன். அவர் மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை மிதிக்கும்போது எங்கள் பெண்கள் சிரித்த சிரிப்பு அலைச்சத்தத்தையும் மிஞ்சியது. பேய் என்று பயந்தது சொந்தக்காரனாகி, இல்லாதவன் பக்கம் நிற்கிறது. இந்தப் படத்தை ஊர் விடாமல் கேட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1984 டிசம்பரில் நாங்கள் நாயாற்றை விட்டு எழும்பினோம். ரீவியும் இல்லை, பாய்களும் வரவில்லை. கஞ்சி மட்டும் கிடைத்த ஓர் இரவில், போத்தல் விளக்கடியில் இருந்து அம்மம்மா அந்தக் கதையைச் சொன்னா. லட்டு எழும்பும் இடம் வந்ததும் வெறுங்கையைக் குவித்து மெல்ல உயர்த்தினா.

தம்பி வாயைத் திறந்தான்.