ஒரு கையொப்பத்தின் விலை



1837ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதச் சிறப்புப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாயின. இரண்டாம் இடம் பெற்றவர் சென் ஜோன்ஸ் கல்லூரி மாணவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்ரர். நான்காம் இடம் பெற்றவர் நொட்டிங்காம் நகரில் மாவரைக்கும் ஆலை நடத்தி, நாற்பது வயதின் பின் கல்லூரி புகுந்த ஜோர்ஜ் கிறீன். நான்காமவர் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், ஊதியத்தோடு கூடிய கல்லூரி உறுப்பினர் பதவியும் பெற்றார். இரண்டாமவருக்கோ பட்டமே கிடைக்கவில்லை. ஏனெனில் சில்வெஸ்ரர் யூதர்.

யூதருக்குப் பட்டம் இல்லை என்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். பட்டம் பெற வருபவர் இங்கிலாந்துத் திருச்சபையின் உண்மையான உறுப்பினர் தாம் என்னும் பிரகடனத்திற் கையொப்பமிட வேண்டும், அவ்வளவே. ஒக்ஸ்போர்டிலோ இதனினுங் கடுமை. 1581ஆம் ஆண்டு முதல், திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளையும் ஏற்றுக் கையொப்பமிட்ட பின்னரே மாணவர் உள்ளே கால் வைக்கலாம். கேம்பிரிட்ஜ் உள்ளே வரவிட்டுப் படிக்கவும் விட்டு, வெளியேறும் வாசலிலே மறித்தது. இவ்விரண்டினுள் எது கொடிது என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

இவ்விதிக்குச் சார்பாகப் பேசியோர் அனைவரும் கொடியவர் அல்லர். அக்கல்லூரிகள் சமய தருமமாக நிறுவப்பட்டவை, திருச்சபைக்குக் குருமாரை உருவாக்குபவை, அவற்றின் மூலதனத்தைப் பிறருக்குப் பங்கிடுதல் நிறுவியவரின் விருப்பத்துக்கு மாறானது என்பது அவர்தம் வாதம். கத்தோலிக்கர், குவேக்கர், பப்ரிஸ்தர் ஆகியோரும் இவ்விதியாற் புறத்தே நிறுத்தப்பட்டனர். ஆயினும் நாட்டின் நீதிபதிகளும் மந்திரிகளும் பெரும்பாலும் இவ்விரு சர்வகலாசாலைகளிலிருந்தே வந்த காலம் அது. அங்கே மூடிய கதவு, வேறு பல இடங்களிலும் மூடிய கதவே ஆயிற்று.

இதற்கு மாற்றாக எழுந்ததே இலண்டன் யூனிவர்சிற்றி கல்லூரி. 1826இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி எவரிடமும் சமயம் கேட்கவில்லை. அதற்கு நிலம் வாங்க முன்னின்றோருள் ஐசக் லையன் கோல்ட்ஸ்மிட் என்னும் யூதச் செல்வர் ஒருவர். கடவுளில்லாக் கல்லூரி என்று பழித்தவர் பலர். ஆயினும் 1838இல் சில்வெஸ்ரருக்குப் பேராசிரியர் ஆசனம் அளித்தது அக்கல்லூரியே. அவர் பட்டம் பெற்றதோ 1841இல், டப்ளின் நகரத்து திரினிற்றிக் கல்லூரியில்.

பின்னர் அமெரிக்காவிலே வேர்ஜினியாவிற் சில மாதங்கள் ஆசிரியப்பணி. இலண்டனுக்குத் திரும்பிக் காப்புறுதிக் கணிப்பாளர் தொழில். அதன்பின் வழக்கறிஞர் பட்டம். இக்காலத்தில் அவருக்கு வாய்த்த நண்பர் ஆதர் கேலி. கேலி 1842இற் கணிதத்தில் முதலிடம் பெற்றவர், திருச்சபையைச் சேர்ந்தவர்; ஆகவே உறுப்பினர் பதவி அவருக்கு உடனே கிடைத்தது. ஆனால் குருப்பட்டம் பெறாதவர் அப்பதவியில் நெடுங்காலம் நீடித்தல் இயலாது. குருவாக விரும்பாத கேலியும் சட்டத்தொழிலையே நாடினார். வழக்குத் தாள்களுக்கிடையே இவ்விருவரும் நடத்திய உரையாடல்களிலிருந்து அட்சரகணிதத்தின் ஒரு புதிய பகுதியே வளர்ந்தது. இன்று நம் மாணவர் படிக்கும் தாயங்களுக்கு ஆங்கிலத்திலே பெயரிட்டவர் சில்வெஸ்ரர்.

1856ஆம் ஆண்டுச் சட்டம் கேம்பிரிட்ஜிலே பட்டத்திற்கான தடையை நீக்கிற்று. உறுப்பினர் பதவிக்கான தடையோ எஞ்சி நின்றது. 1869இல் திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்த நூமா ஹாட்டொக் என்னும் யூத இளைஞர் கணிதத்தில் முதலிடமே பெற்றுவிட்டார். பட்டமளிக்கும் வேளையிற் கூறப்படும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்னுஞ் சொற்களை அவருக்காக விடுத்துக்கொள்ளச் சர்வகலாசாலைப் பேரவை இசைந்தது. எனினும் முதன் மாணவர்க்கு இயல்பாகக் கிடைக்கும் பதவிக்கு அவர் உரியவராகவில்லை.

அதே ஆண்டில், அதே கல்லூரியில், இன்னொரு நிகழ்ச்சி. ஹென்றி சிட்ஜ்விக் என்னும் தத்துவ ஆசிரியர் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். இளமையிற் கையொப்பமிட்டுத் தாம் ஏற்ற கொள்கைகளை இப்பொழுது உண்மையாக நம்ப இயலவில்லை என்பதே காரணம். அவரை எவரும் வெளியேறச் சொல்லவில்லை. வாளாவிருந்திருப்பின் பதவி நிலைத்திருக்கும். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் அவ்விதியின் இயல்பு விளங்கும். நம்பிக்கையின்றியே கையொப்பமிடத் துணிந்தவனை அது தடுக்கவில்லை. பொய்யெழுத மறுத்தவனையே தடுத்தது. யூதராயினும் கிறிஸ்தவராயினும் பட்ட பாடு ஒன்றே. மாணவர் அனுமதிப் பத்திரங்களிலே சமயம் என்னும் கூட்டினைப் பல்லாண்டு நிரப்பிவரும் எனக்கு, இது வெறும் பழங்கதையாகத் தோன்றவில்லை.

இத்தடையை நீக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபை 1869இலும் 1870இலும் நிறைவேற விடவில்லை. 1871இல் அச்சபையின் விசாரணைக் குழுவின் முன் ஹாட்டொக் சாட்சியமளித்தார். அவ்வாண்டு ஜூன் 16ஆந் திகதி, கிளாட்ஸ்டன் பிரதமராயிருக்கையில், சர்வகலாசாலைச் சமயப் பரிசோதனைச் சட்டம் அரச சம்மதம் பெற்றது. இறையியற் பட்டங்களும் குருமார்க்கென ஒதுக்கிய பதவிகளும் நீங்கலாக, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டர்ஹம் ஆகிய மூன்றிலும் கதவுகள் திறந்தன. மூன்று நாட்களின் பின், ஜூன் 19ஆந் திகதி, ஹாட்டொக் அம்மை நோயால் இறந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து.

அதனையடுத்த ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்றோருள் ஒருவர் நம் நாட்டுச் சைவராகிய பொன்னம்பலம் அருணாசலம். 1875இல் அவர் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அவ்வழியில் அச்சேவை புகுந்த முதல் இலங்கையர் அவரே.

சில்வெஸ்ரருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது 1872இல்; பரீட்சை எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின். 1876இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை அவரை அழைத்தது. இரண்டாண்டுகளில் அங்கே கணித ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். 1883இல், அறுபத்தொன்பது வயதிலே, ஒக்ஸ்போர்ட் அவரைக் கேத்திரகணிதப் பேராசிரியராகத் தெரிவு செய்தது. இளமையில் அவர் மாணவராகப் புகுதற்கும் இடந்தந்திராத சர்வகலாசாலை அது.