பொதுக் கணினியும் கடவுச்சொல்லும்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகக் கணினிக் கூடங்களின் வாயிலிலே ஒட்டப்பட்டிருக்கும் விதிகளை நின்று வாசிப்போர் மிகச் சிலரே. கடவுச்சொல்லைப் பிறர்க்கு வழங்கலாகாது, பிறருடைய கோப்பைத் திறக்கலாகாது, வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிட்டே எழுதல் வேண்டும் என்றவாறு அமையும் அவ்விதிகளை நிருவாகத்தின் கெடுபிடி என்றே மாணவர் பெரும்பாலும் கருதுகின்றனர். ஆயின் அவற்றுக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறொன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிலே தொடங்கிய அவ்வரலாறு, இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணவரையும் வந்து தொடுகின்றது. வீட்டிற் கணினி உடையவனுக்குப் பொதுக் கணினி மேலதிகமான ஒரு வசதி; இல்லாதவனுக்கோ அதுவொன்றே கணினி. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இவ்விடயம் நோக்கற்பாலது.

1950களில் கணினி என்பது ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ இருந்த பெரும் பொறியாகும். மாணவன் தன் கணக்கைத் துளையட்டைகளிற் பொறித்து இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு மணிக்கணக்கிற் காத்திருப்பான். சிலவேளை மறுநாளே விடை கிடைக்கும். அட்டையில் ஓரெழுத்துப் பிழைத்திருப்பின் மீண்டும் அதே காத்திருப்பு. இந்நிலையை மாற்றும் பொருட்டு மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் நேரப்பகிர்வு முறையொன்று உருவாக்கப்பட்டு, 1961 நவம்பரிற் செய்துகாட்டப்பட்டது. ஒரே பொறி பலருக்கும் மாறிமாறிச் சிறு கணங்களை ஒதுக்கிற்று. ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியதுபோலத் தோன்றிற்று. பலருடைய கோப்புகளும் ஒரே களஞ்சியத்திற் சேர்ந்தபோது, எவருடையது எது என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. கணினிக் கடவுச்சொல்லின் தோற்றம் இதுவேயாகும்.

அக்கடவுச்சொல்லை மீறியவரும் அதே நிறுவகத்தைச் சேர்ந்தவரே என்பது சுவையான செய்தி. அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணித்தியாலமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பொன்றை அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கேட்கும் வழக்கத்தைப் பயன்படுத்தி, 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிற் பெற்றுக்கொண்டார். ஏனையோர் சிலருக்கும் அவற்றை வழங்கினார். கால் நூற்றாண்டின் பின்னரே இதனை அவர் வெளிப்படுத்தினார். செய்கை தவறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் தேடியது பொருளன்று, மற்றவருடைய இரகசியமுமன்று, கணினி நேரமேயாகும். பற்றாக்குறை நிலவும் இடத்தில் விதி மீறப்படும் என்பதை அந்நிகழ்ச்சி முதலிலேயே காட்டிவிட்டது. 1966இல் அதே கணினியிலே வேறொரு விபத்து நேர்ந்தது. பராமரிப்பாளர் ஒருவர் அன்றைய அறிவித்தலையும் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறின. உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் தோன்றின. இதிலே பயனாளர் எவரும் பிழை செய்திலர். பொதுக் கணினியின் பொறுப்பு அதனைப் பயன்படுத்துவோர்க்கு மட்டுமுரியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கணினிகள் வலையமைப்பால் இணைந்தபின் ஒரு மாணவனின் செயல் ஒரு கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1988 நவம்பர் 2ஆந் திகதி கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர் றொபேட் மொறிஸ் விடுத்த செய்நிரல் ஏறத்தாழ 6,000 கணினிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. இலகுவான சொற்களைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தோரின் கணக்குகளை ஊகித்தறிவது அச்செய்நிரலின் வழிகளுள் ஒன்றாகும். 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

இலங்கைக்குக் கணினி வந்தது பல்கலைக்கழகத்தின் வழியாக அன்று. 1967இல் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்திலே நிறுவப்பட்ட ஐ.சி.எல். 1901 பொறியே இந்நாட்டின் முதற் கணினியாகக் கொள்ளப்படுகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் வி. கே. சமரநாயக்காவின் முயற்சியால் 1985இற் புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானத் துறை தோன்றியது. 1990 அளவில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பு மின்னஞ்சற் சேவையாக ஆரம்பமாயிற்று. தொலைபேசி இணைப்பினூடாகக் கடிதங்கள் தொகுதி தொகுதியாக அனுப்பப்பட்ட காலம் அது.

சப்பிரகமுவ மாகாணத்துக்கு உயர்கல்வி நிறுவனம் கிடைத்தது மிகப் பிந்தியேயாகும். 1990களின் தொடக்கத்தில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக அமைந்தது, 1995இற் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டு, 1996இற் பெலிகுல்ஓயாவிலே தொழிற்படத் தொடங்கியது. பலாங்கொடைக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைச்சாரல் அது. ஆயின் பல்கலைக்கழகம் தோட்டத்துக்கு அண்மையில் இருப்பது வேறு, தோட்டத்துப் பிள்ளைக்கு அண்மையில் இருப்பது வேறு. நுவரெலியாவைப் போலன்றி இம்மாகாணத்திலே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையிற் சிதறி வாழ்கின்றனர். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானைப் பகுதிகளின் மாணவர் பலர் முதன்முதலாகத் தமக்கென ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெறுவது பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரே. 2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரப்படி நாடளாவிய ரீதியில் ஐந்து வீடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விகிதத்திற் கணினி இருக்க, தோட்டத்துறையில் அது நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை. இத்தகைய மாணவனின் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை பொதுக் கணினியிலே, எவரோ கவனமின்றிச் செருகிய நச்சுநிரற் சேமிப்பானால் அழிந்துபோகுமாயின், வீட்டிற் சென்று மீள எழுத அவனுக்கு வேறு பொறி இல்லை.

தமிழ் மாணவர்க்கு இன்னுமோர் இடர் இருந்தது. யுனிக்கோட் முறை பரவுமுன்னர் இலங்கையிற் பாமினி போன்ற எழுத்துருக்களே வழங்கின. ஒரு கணினியில் எழுதிய கட்டுரை அவ்வெழுத்துரு இல்லாத மற்றொன்றில் வெறும் உரோமன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். பொதுக் கணினியில் எழுத்துருவை நிறுவவோ நிருவாகியின் அனுமதி வேண்டும். அடுத்து அமர்பவர் தமக்கு வேண்டாதது என அதை நீக்கிவிடுவதும் உண்டு. தீயெண்ணம் எதுவுமின்றி இழைக்கப்படும் இத்தகைய இடையூறு எவ்விதிப் பலகையிலும் இடம்பெறுவதில்லை. 2008இல் றெங்கநாதன் விசைப்பலகை இலங்கைத் தரநிலையாக ஏற்கப்பட்டமையும், யுனிக்கோட் இயங்குதளங்களோடு இணைந்து வரலானமையும் இவ்விடரைப் பெரிதும் நீக்கின.

கடவுச்சொல்லைத் தோழனுக்குக் கொடுப்பது நட்பின் அடையாளமென மாணவர் கருதுவர். தோட்ட வரலாற்றை அறிந்தோர் இதனை வேறு விதமாக நோக்கக்கூடும். தோட்டத்திலே ஒருநாள் வேலைக்குரிய கணிப்பு இன்றும் 'பேர்' எனவே வழங்குகின்றது. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. செக்றோலிலே பேர் விழாதவன் அன்று உழைத்தும் உழைக்காதவனே. அதற்கு முற்பட்ட காலத்தில் 'துண்டு' என்றொரு முறை நிலவிற்று. கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் அத்தாளைக் கங்காணி கையில் வைத்திருந்தான். அதிற் குறிக்கப்பட்ட தொழிலாளிக்கு அதன்மேல் எவ்வித ஆட்சியும் இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அது ஒழிக்கப்பட்டது. தன் பெயரில் எழுதப்படுவது பிறர் கையில் இருப்பதன் விளைவை அம்மக்கள் மூன்று, நான்கு தலைமுறை அனுபவித்துள்ளனர். துண்டும் கடவுச்சொல்லும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். எனினும் ஒருவரின் பெயரால் மற்றொருவர் செய்யும் செயலுக்குப் பெயருக்குரியவரே விடை கூற நேர்கின்றது என்பதில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உரிமையின்றிக் கணினியுள் நுழைவதற்கு ஓரிலட்சம் ரூபா வரையிலான தண்டமோ ஐந்தாண்டு வரையிலான சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கின்றது. நுழைவதற்கான தகவலை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் அதை அனுமதியின்றி வெளியிடுவதும் அச்சட்டத்தின்கீழ்க் குற்றமே. இதனை அறிந்த மாணவர் அரியர்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே பொதுக் கணினியைக் கொண்டுசென்ற முயற்சியாக, அறிவகம் எனப் பொருள்படும் 'நெனசல' நிலையங்களைக் குறிப்பிடலாம். உலக வங்கியின் உதவியுடன் அமைந்த அத்திட்டம் நூலகங்களிலும் வழிபாட்டிடங்களிலும் நிலையங்களை நிறுவி, 2014இற் கேற்ஸ் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. எனினும் பரிசும் பாராட்டும் ஒருபுறமிருக்க, மலையுச்சி லயத்திலிருந்து சந்திக்கு இறங்கி வர வேண்டியவர்க்கு நிலையத்தின் தூரமே முதற் கேள்வியாகும்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கணினிக் கூடங்களும் பூட்டப்பட்டன. 'லேர்ண்' வழியான விரிவுரைகளுக்குத் தரவுக் கட்டணம் விலக்கப்பட்டமை பெரும் உதவியே. ஆனால் லயத்து அறையில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே கைத்தொலைபேசி. விரிவுரை கேட்கும் அக்காவுக்கும் பாடசாலைப் பயிற்சி பெறும் தம்பிக்கும் அதுவே பொதுப் பொறியாயிற்று. அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறும்போது இருவரும் சேர்ந்தே ஏறினர். எவருக்கு எத்தனை மணிக்கு என்ற ஒழுங்கை அங்கு எந்த நிருவாகியும் எழுதி ஒட்டவில்லை. முன்னர் வாரத்துக்கு நான்கு மணித்தியாலம் போதாதென்ற ஆய்வு மாணவனின் கணக்கு, அந்த மேட்டிலே நிமிடக் கணக்காகக் குறுகியிருந்தது.