லண்டனிலிருந்து பாரிஸுக்கு: நான் குறைத்த ஒரு மார்க்



போன வாரம் லண்டனிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். 1986இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை பாரிஸுக்குக் கூட்டிப் போகிறாளாம். "பிளேனா, ரயிலா சார்? கடலுக்கு அடியில் போகும் என்றதும் அப்பா பயப்படுகிறார்" என்றாள். அப்போது ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு நான் ஒரு பாக்கியும் வைத்திருக்கிறேன்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே உள்ள கடல், குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர்தான். ஆனால் அதுதான் பயணிகளைப் படாதபாடு படுத்தியது. டோவர் வரை ரயில், இறங்கிக் கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன்–பாரிஸ் தினசரி விமானம் தொடங்கியது. முதல் விமானத்தில் ஒரே ஒரு பயணி, அவரும் பத்திரிகையாளர். கூடவே தோல், வேட்டைப் பறவைகள், சில ஜாடி க்ரீம்! கட்டணம் 21 பவுன். சாமானியர் நினைத்தும் பார்க்க முடியாது.

ரயில்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1936இல் 'நைட் ஃபெர்ரி' வந்தது. ராத்திரி லண்டனில் ஏறிப் படுத்தால் காலையில் பாரிஸ். டோவரில் தூங்கும் பெட்டிகளையே கப்பலுக்குள் தள்ளிச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். கடல் ஏறி இறங்குவதால் தண்டவாளமும் கப்பலும் ஒரே மட்டத்தில் நிற்க, துறையில் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றி இறக்கினார்கள். சங்கிலிச் சத்தத்தில் எத்தனை பேர் தூங்கினார்களோ! விமானம் மலிவானதும் கூட்டம் குறைந்தது. 1980இல் நிறுத்திவிட்டார்கள்.

சுரங்க யோசனை நெப்போலியன் காலத்திலேயே உண்டு. 1880களில் இரு கரையிலும் தோண்டவே தொடங்கினார்கள். பிரெஞ்சுப் படை அந்த வழியாக வந்துவிடும் என்று பிரிட்டிஷ் ராணுவம் பயந்ததால் வேலை நின்றது. மறுபடி தொடங்கியதை 1975இல் செலவைக் காட்டிக் கைவிட்டார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, "இனி அது வரவே வராது" என்று நான் முடிப்பது வழக்கம். 1986 ஜனவரியில் மார்கரெட் தாட்சரும் மித்தரானும் திட்டத்தை அறிவித்தார்கள். இந்தப் பெண் பத்திரிகையை வெட்டிக்கொண்டு வந்து காட்டினாள். "அறிவிப்பார்கள், தோண்ட மாட்டார்கள்" என்றேன். அடுத்த பரீட்சையில் "சுரங்கம் வரும்" என்று எழுதியிருந்தாள். ஒரு மார்க் குறைத்தேன். அவள் வாதாடவில்லை. முகம் மட்டும் வாடிப்போனது.

1990 டிசம்பர் 1 அன்று இரு நாட்டுத் தொழிலாளிகளும் கடலுக்கடியில் கைகுலுக்கினார்கள். 1994இல் யூரோஸ்டார் ஓடியது. அப்போது மூன்று மணி நேரம். 2007இல் இங்கிலாந்துப் பக்கமும் அதிவேகப் பாதை முடிந்ததும் இரண்டேகால் மணியானது. இந்த வழியில் இன்று பெரும்பாலோர் ரயிலில்தான் போகிறார்கள்.

அம்மா, விமானம் வானத்தில் இருப்பது ஒன்றேகால் மணிதான். ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போகவும், அங்கே காத்திருக்கவும், இறங்கி ஊருக்குள் வரவும் அரை நாள் போய்விடும். ரயிலுக்கும் முன்னதாகப் போகத்தான் வேண்டும், பாஸ்போர்ட்டை லண்டனிலேயே பார்த்துவிடுவார்கள். ஆனால் நடு ஊரில் ஏறி நடு ஊரில் இறங்கலாம். வயதானவர் காலுக்கு அதுதான் நல்லது. எதில் போனாலும் அப்பாவுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும், மறந்துவிடாதே.

பயத்துக்கு இதைச் சொல். சுரங்கம் ஒன்றல்ல, மூன்று. இரண்டில் ரயில், நடுவில் உள்ளது ஆபத்தில் தப்பிக்க. 375 மீட்டருக்கு ஒரு கதவு. 1996இல் லாரி ஏற்றிப்போன ரயில் தீப்பிடித்தபோது அதிலிருந்த 34 பேரும் அந்த வழியாகத்தான் உயிரோடு வெளியே வந்தார்கள். கடலுக்கடியில் இருக்கும் நேரம் இருபது நிமிஷம்கூட இல்லை. நீ பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு, அதற்குள் வெளிச்சம் வந்துவிடும்.

அந்த ஒரு மார்க்கை நான் குறைத்தது தப்புதான் அம்மா. அப்பாவிடமும் சொல்லிவிடு. பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்பு.