தெல்தோட்டை வட்டார நாய், பூனைகள்: நோய்களும் நடத்தையும்

தெல்தோட்டை, கண்டிக்குத் தென்கிழக்கே தேயிலை மலைகளுக்கு நடுவில் அமைந்த சிறு நகரம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வணிகப் பயிராகத் தேயிலையை நட்ட லூல்கந்துர தோட்டம் இதற்கு அண்மையில் உள்ளது. மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இந்த வட்டாரத்தில், லயங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் காவலுக்கு நாய் நிற்கும். முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் பூனையே செல்லப் பிராணி. இவற்றுக்கு வரும் நோய்கள் பலவும் உலகெங்கும் உள்ளவைதாம். ஆனால் மழை, ஓடை, அட்டை, காடு என்று இம்மண்ணுக்குரிய காரணங்கள் அவற்றோடு கலந்திருக்கின்றன.

மருத்துவ வசதி அதிக தூரத்தில் இல்லை. இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேயே. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம். எல்லாம் கலஹா வழியாக இறங்கினால் எட்டிவிடும் இடங்கள். ஆனால் வாந்தியெடுக்கும் நாயை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். ஆட்டோ பிடிக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், போகும். எனவே எதற்கு அன்றே ஓட வேண்டும், எது ஒரு நாள் பொறுக்கும் என்று வீட்டிலேயே பிரித்தறியத் தெரிந்திருப்பது இங்கு மருந்துக்குச் சமம்.

அட்டை

மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கிலும் காதோரத்திலும் ஒட்டிக்கொள்ளும் தரையட்டைக்கு விலங்கியல் சூட்டிய பெயரிலேயே இலங்கை இருக்கிறது. இதனால் தொந்தரவு உண்டு, ஆபத்து குறைவு. அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாததால், அது விழுந்த பிறகும் கடிவாயில் சிறிது நேரம் இரத்தம் கசியும். பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்துவிட்டுச் சவர்க்கார நீரால் கழுவினால் போதும்.

கவலைப்பட வேண்டியது மூக்குக்குள் போகும் அட்டையைப் பற்றித்தான். ஓடையிலோ பீலியடிக் குட்டையிலோ நாய் தண்ணீர் குடிக்கும்போது நூல்போன்ற குட்டி அட்டை நாசிக்குள் ஏறி, அங்கேயே வாரக்கணக்கில் இரத்தம் குடித்து வளரும். நாய் ஓயாமல் தும்மும், தலையை உலுக்கும், முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும். ஒரு துவாரத்தில் மட்டும் இரத்தம் சொட்டும். ஒரு பக்கம் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் இரத்தம் வரும். பொறுமையாக நாயின் முகத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு நேராகப் பிடித்திருந்தால், துவாரத்தின் விளிம்பில் கரும்பழுப்பான ஒரு நுனி வெளியே வந்து ஈரத்தைத் தேடித் துழாவும். தொட்டவுடன் உள்ளே இழுத்துக்கொள்ளும். வைத்தியரும் இதே பழக்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்: சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு குளிர்ந்த நீரை முன்னே வைத்து, வெளியே நீளும் அட்டையை இடுக்கியால் பற்றி மெல்ல எடுப்பார். உள்ளே ஆழமாக இருந்தால் மயக்க மருந்து தேவைப்படும். புகையிலைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று மூக்கில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்ச் சேரும். அட்டையைவிட அதுதான் கேடு.

உண்ணிக் காய்ச்சல்

நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது, உடம்பு சுடுகிறது என்றால் இலங்கையின் மிருக வைத்தியர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தால் உண்ணி பரப்பும் இரத்தக் கிருமிகளை நினைப்பார். அவற்றில் முக்கியமான ஒன்று பபீசியா கிப்சோனி. 1910இல் இதை முதன்முதலில் விவரித்தவர் பேட்டன். கண்டெடுத்தது நம் பக்கத்திலேயே, சென்னையில் வெள்ளைக்காரர் வளர்த்த வேட்டைநாய்களின் இரத்தத்தில். பின்னர் நரியிலும் கண்டார். சிவப்பணுக்களைச் சிதைக்கும் இக்கிருமிக்கு, மாட்டின் உண்ணிக் காய்ச்சலுக்குப் போடும் ஊசி முழுப் பலன் தராது. காய்ச்சல் விட்டதுபோல் இருந்து, நாய் களைத்த ஒரு நேரம் பார்த்துத் திரும்பவும் எழும். இன்னொரு கிருமியான எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். நாய் எழுந்து நடந்தவுடன் மாத்திரையை நிறுத்துவதால்தான் பல நாய்கள் மறுபடி விழுகின்றன. சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றே புறப்பட வேண்டும்.

நாயின் உடம்பில் தெரியும் உண்ணி மொத்தத்தில் ஒரு பங்குதான். பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே இறங்கி, லயச் சுவரின் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயைக் குளிப்பாட்டுவதோடு வேலை முடியாது. வெடிப்பைப் பூச வேண்டும், படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட வேண்டும். ஒரு மாதமோ மூன்று மாதமோ பாதுகாப்புத் தரும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. விலை கூடியவை, ஆனாலும் ஒரு தடவை இரத்தம் ஏற்றுவதைவிட மலிவு.

குட்டிகளின் வயிறு

ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டி வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து நாற்றத்தோடு கழிந்தால் பார்வோ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 1978இல் உலகம் கண்டுகொண்ட இந்த வைரசு நாய்களிடையே மிக வேகமாகப் பரவும். நிலத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பலர் ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துப் பருக்குகிறார்கள். வாந்தி நிற்காத குட்டிக்கு வாய்வழி கொடுப்பது எதுவும் தங்காது, நரம்பில் சேலைன் ஏற்றினால்தான் பிழைக்கும். குட்டி செத்த இடத்தில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவந்து விடுவது அதையும் பலிகொடுப்பதுதான். தடுப்பூசி முழுமையாகப் போட்ட நாயை மட்டுமே விடலாம்.

பானை வயிறு, மங்கிய உரோமம், வெளிறிய ஈறு என்றால் கொக்கிப்புழு. இவ்வகைப் புழு ஒன்றின் பெயரிலும் இலங்கை ஒட்டியிருக்கிறது: 1911இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட அன்கைலொஸ்டோமா சிலானிக்கம். நாய், பூனையோடு மனிதரின் குடலிலும் இது வாழும். குட்டி கழித்த மண்ணில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைக்கும் தொற்றும். வீட்டில் குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாளைப் பிள்ளைகளுக்கும் நினைவூட்டலாக வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

விசர்

விசர்நாய்க்கடிச் சட்டம் இலங்கையில் 1893இலேயே வந்துவிட்டது. பாஸ்டர் முதல் மனிதருக்குத் தடுப்பூசி போட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1973இல் இந்நோய்க்கு 377 பேர் பலியான நாட்டில், அண்மை ஆண்டுகளில் இறப்பு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்கு அரசு இலவசமாகப் போடும் ஊசிதான் இதற்கு முதற்காரணம்.

விசர் என்றாலே வாயில் நுரைதள்ளிக் கண்டதையெல்லாம் கடித்தோடும் நாய்தான் நினைவுக்கு வருகிறது. அமைதியான வகையும் உண்டு, அதில்தான் வீட்டார் ஏமாறுகிறார்கள். நாய் ஒதுங்கி இருட்டு மூலையில் படுக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, குரைப்பு கரகரத்து மாறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். தாடை தொங்கும் நாயின் வாயில் வெறுங்கையை விடவே கூடாது. கீரி, மரநாய், நரி ஆகியவற்றோடு சண்டையிட்ட நாயும், எங்கோ கடிபட்டு வந்த பூனையும் ஐயத்துக்குரியவையே.

கடித்தால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூசக் கூடாது. கடித்தது வீட்டு நாயோ பூனையோ என்றால் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். ஆனால் மனிதர் வைத்தியசாலைக்குப் போவதற்கு அந்தப் பத்து நாளைக் காத்திருக்கக் கூடாது.

தோல், பூச்சி மருந்து, பாம்பு, கம்பி

சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோல் வெந்துவிடும், நக்கினால் ஈரலும் கெடும். சில வகைச் சொறி வீட்டாருக்கும் தொற்றி இடுப்பிலும் கையிலும் அரிக்கும். அப்போது நாய்க்கும் மனிதருக்கும் சேர்த்தே மருந்தெடுக்க வேண்டும்.

மரக்கறிக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நக்கிய நாய் எச்சில் வடித்து நடுங்கும். மருந்துப் போத்தலின் லேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மாற்று மருந்து என்பதை அதுதான் சொல்லும்.

கொழுந்து மலைகளில் நாயின் முகம் திடீரென ஒரு பக்கம் வீங்கினால் பாம்பை நினைக்க வேண்டும். மூக்கு நுனி மேலே வளைந்த சிறு குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா, சருகுக்குள் சுருண்டு கிடக்கும். இந்தியாவிலிருந்து வரும் வழக்கமான பாம்பு விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. வீக்கம் வடிந்த பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் சிறுநீர் அளவைச் சில நாள் பார்த்துவர வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு இன்னொரு தீராத தொல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிச் சிக்கி இறந்தபோது நாடே பேசியது. அதே கம்பியில் சிக்கும் நாய்களுக்குக் கணக்கு இல்லை. இடுப்பில் கம்பி இறுகிய நாயை அவிழ்த்ததும் அது நடந்து வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே நசுங்கிய தசை இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கும். காயம் தெரியாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பூனை

பூனையைச் சின்ன நாய் என்று எண்ணி மருந்து கொடுப்பதுதான் பெரும் தவறு. காய்ச்சலுக்கு அரைப் பெனடோல் கொடுத்தாலே பூனை இறந்துவிடலாம். அதை உடைக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு உண்ணி போகப் பூசும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு.

ஆண் பூனை மணல் பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கி, கத்தி, ஒன்றும் போகாமல் திரும்பினால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவென்றும் பாராமல் கொண்டுபோக வேண்டிய நோய் இது.

இனப்பெருக்கம்

பெட்டை நாய்க்குக் குட்டி போடாமலிருக்க ஹோர்மோன் ஊசி போடுவது மலிவாகத் தோன்றும். கருப்பையில் சீழ் கட்டும் அபாயம் அதில் கூடுதல். சினைப் பருவம் கழிந்து சில வாரத்தில் நாய் நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வயிறு உப்பினால் சந்தேகப்பட வேண்டும். ஒரே தடவையில் முடியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையே மேல். அவிழ்த்துவிட்ட நாய்களுக்குள் இணைசேர்க்கையால் பரவும் பிறப்புறுப்புக் கட்டி, சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிவதில் தெரியவரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

நடத்தை

நடத்தைக் குறை என்று கொண்டுவரப்படுவதில் கணிசமான பங்கு உடல்நோய். சாதுவான நாய் தொட்டவுடன் சீறினால் காதில் சீழா, இடுப்பில் வலியா என்று பார்த்த பிறகே பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். மீதியில் பெரும்பங்கு நாமே உண்டாக்குவது. கண்ணைத் திறந்து சில நாளான குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவார்கள். மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை குட்டி மற்ற நாய்களையும் மனிதரையும் பழகும் காலம். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்கிறது. எட்டு வாரம் வரை தாயிடம் விட்ட குட்டி, பின்னாளில் பிள்ளைகளைக் கடிப்பது குறைவு.

நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் நல்ல காவல்நாய் ஆகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அது பயத்தால் குரைக்கும். தபால்காரனுக்கும் திருடனுக்கும் வேறுபாடு பாராது. காலை மாலை அரை மணி நேரம் நடத்திச் சென்றாலே குரைப்பு குறையும். தண்டித்துத் திருத்தப் பார்ப்பது வீண்: செருப்பைக் கடித்து ஒரு மணி நேரம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது, அடிப்பவரைக் கண்டால் மட்டும் பதுங்கும்.

சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைகிற நாய்கள் பல. வெடி தொடங்குமுன் நடத்திச் சென்று, உணவு கொடுத்து, வானொலியைச் சத்தமாக வைத்து உள்ளறையில் விடலாம். மிகவும் நடுங்கும் நாய்க்கு முன்கூட்டியே வைத்தியரிடம் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். மனிதரின் தூக்க மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கக் கூடாது.

இரவில் காரணமின்றிக் குரைப்பதாகத் தோன்றும் நாய்க்கு இங்கே காரணம் இருக்கக்கூடும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய் அதன் இரைகளில் ஒன்று. குரைத்த நாய் சட்டென்று வாலை ஒடுக்கிக் கதவைச் சுரண்டினால் திட்டாமல் உள்ளே விடுங்கள். வெளியே சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. இரவில் அதை வீட்டுக்குள்ளோ, கூரையும் உறுதியான கதவும் உள்ள கூட்டிலோ அடையுங்கள்.