நடுக்கடலில் கொதிக்கும் படகு இன்ஜின்... வாரன்ட்டி கைகொடுக்குமா?

அதிகாலையில் கிளம்பிய ஃபைபர் படகு, கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு வந்தாச்சு. திடீரென இன்ஜினிலிருந்து ‘பீப்’ சத்தம். வேகம் தானாகக் குறைகிறது. மூடியின் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது. இன்ஜின் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. கடன் தவணை வேற பாக்கி இருக்கு. இப்படி ஒரு நிலைமையில் எந்த மீனவருக்கும் ரெண்டு கேள்விதான் வரும். பத்திரமா கரை சேர்வோமா? இதுக்கான செலவை கம்பெனி ஏத்துக்குமா?

ரெண்டுக்கும் பதில், அடுத்த சில நிமிஷங்களில் நீங்கள் செய்யும் காரியங்களில்தான் இருக்கிறது.

ஏன் சூடாகிறது?

கார், லாரிக்கு ரேடியேட்டர் உண்டு. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. கடல்நீர்தான் குளிர்விக்கும் நீர். இன்ஜினின் கீழ்ப்பகுதியில் ‘இம்பெல்லர்’ என்ற ரப்பர் சக்கரம் சுழன்று, தண்ணீரை இழுத்து மேலே தள்ளும். அது இன்ஜினைச் சுற்றி வந்து வெளியேறும். அதில் ஒரு பங்குதான் பின்பக்கச் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். இன்ஜினுக்கு நாடித் துடிப்பு மாதிரி அது. பீய்ச்சல் மெலிந்தாலோ நின்றாலோ ஏதோ கோளாறு.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

* நீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, பாசி அடைத்துக்கொள்வது.
* இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் தேய்வது, கிழிவது. ஆழமில்லாத இடத்தில் மணலோடு நீரை இழுத்தால் சீக்கிரம் தேயும்.
* உள்ளே உப்புப் படிந்து நீர்ப்பாதை குறுகுவது.
* தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொள்வது.
* டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் கலவை குறைவது.

கடலில் உடனே செய்ய வேண்டியவை

1. ‘எப்படியாவது கரைக்குப் போயிடலாம்’ என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். பிஸ்டன் இறுகிப்போவது இந்த அவசரத்தில்தான்.

2. வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நீர்த்துளையைப் பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

3. இன்ஜினைத் தூக்கி, சல்லடையில் அடைத்திருப்பதை எடுங்கள். நீர்த்துளையே அடைத்திருந்தால் கெட்டியான நைலான் நரம்பை விட்டு மெதுவாகக் குத்திப் பாருங்கள்.

4. கொதிக்கும் இன்ஜின்மேல் கடல்நீரை வாரி ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம். விசைப்படகின் உள் இன்ஜினாக இருந்தால், சூடு ஆறாமல் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும்.

5. நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீர் பீய்ச்சினால் மெதுவான வேகத்தில் கரை திரும்பலாம். இல்லையென்றால் நங்கூரம் போட்டுவிட்டு, அருகில் இருக்கும் படகைக் கூப்பிடுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. வி.ஹெச்.எஃப் கருவி இருந்தால் சேனல் 16.

வாரன்ட்டி எதற்குக் கிடைக்கும்?

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம். வாரன்ட்டி என்பது தயாரிப்புக் குறைக்கும், பொருளின் தரக்குறைக்கும் தரப்படும் உத்தரவாதம். இன்ஜின் சூடானதே குறைக்குச் சாட்சி ஆகிவிடாது. ஏன் சூடானது என்பதுதான் கேள்வி. தெர்மோஸ்டாட் ஆரம்பத்திலேயே பழுது, வார்ப்பில் ஓட்டை, சென்சார் கோளாறு என்றால் கேட்க நியாயம் உண்டு. பிளாஸ்டிக் பை அடைத்தது, இம்பெல்லர் தேய்ந்தது, உப்புப் படிந்தது என்றால் பொதுவாகக் கை விரித்துவிடுவார்கள்.

சர்வீஸைத் தவறவிட்டது, கம்பெனி சொல்லாத ஆயில், பெட்ரோல் இன்ஜினில் மண்ணெண்ணெய் கலந்தது, வெளி மெக்கானிக் பிரித்துப் பார்த்தது... இவையும் மறுப்புக்குக் காரணமாகும். இன்னொரு விஷயம், தொழிலுக்குப் பயன்படும் இன்ஜினுக்குப் பல கம்பெனிகள் குறைவான வாரன்ட்டி காலம்தான் தருகின்றன. ‘எத்தனை மாசம், மீன்பிடித் தொழிலுக்கும் செல்லுமா?’ என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சீரியல் எண் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

க்ளெய்ம் கேட்கும் முன்...

* இன்ஜினைப் பிரிக்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் சரி.
* சீரியல் எண் தகடு, சல்லடை, நீர்த்துளை எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுங்கள்.
* போனில் சொல்வதோடு விடாமல், தேதி போட்டு எழுத்திலும் புகார் கொடுங்கள். ஜாப் கார்டு நகல் வாங்குங்கள்.
* கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.
* மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

நவீன இன்ஜின்களின் கன்ட்ரோல் யூனிட், ஓடிய மணி நேரத்தையும் கோளாறுகளையும் பதிவு செய்துவைக்கும். அந்தப் பதிவின் நகலை நீங்களும் கேளுங்கள். சர்வீஸ் ஒழுங்காகச் செய்தவருக்கு அது நல்ல சாட்சி.

மறுத்துவிட்டால்?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அடுத்த கட்டம், மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘தொழிலுக்கு வாங்கியது, நீங்க நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே பார்க்கிறது. சொந்தப் படகில் தானே கடலுக்குப் போகிறவருக்கு இது பெரிய பலம். பல படகுகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு அந்த வாதம் கடினம்.

பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

தினமும் பத்து நிமிஷம்

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினைப் பத்து நிமிஷம் அலசிவிடுங்கள். கரையில் தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ஒரு தடவை’ ஸ்டார்ட் பண்ணாதீர்கள்; காய்ந்து சுழன்றாலே இம்பெல்லர் கருகிவிடும். அதைத் தேயும் வரை காத்திருக்காமல், கையேடு சொல்லும் கெடுவில் மாற்றுங்கள். படகில் ஒரு உபரி இம்பெல்லர் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் இன்ஜினை முழுசாகப் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல நேரம் இல்லை.

ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டில் பத்திரமாக வையுங்கள். நாளைக்குப் பிரச்னை என்று வந்தால், உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.